கேட்டது நீங்கள்: மார்வாட் கிராமத்து அடுப்படி

போன இதழில் ஒருவர் தால் பாட்டி (தணலில் சுட்ட கோதுமை மாவு உருண்டையும் பருப்பும்) பற்றிக் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு, ராஜஸ்தான் கிராமச் சமையலைப் பற்றி வேறு கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதி வீடுகளில் சாயங்காலம் சீரியலை நிறுத்திவிட்டு மார்வாடி தம்பதி ரொட்டி தட்டுவதைத்தான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி (வாசகி, ஈரோடு): யூடியூபில் ராஜஸ்தான் கிராமத்து வயதான கணவனும் மனைவியும் சமைத்துச் சாப்பிடுகிற வீடியோக்களை விடாமல் பார்க்கிறேன். மண் அடுப்பு, கம்பு ரொட்டி, பக்கத்தில் ஆடு. நிஜமாகவே இப்படித்தான் வாழ்கிறார்களா, இல்லை கேமராவுக்காகவா?

பதில்: ரெண்டும்தான். அடுப்பு நிஜம், ரொட்டி நிஜம், ஆடு ரொம்பவே நிஜம். கேமரா திரும்பாத மூலையில் கேஸ் சிலிண்டர் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீ போடக் கேஸ், ரொட்டிக்கு விறகடுப்பு என்பதுதான் இப்போது பல வீடுகளில் வழக்கம். தடிமனான கம்பு ரொட்டி உள்வரைக்கும் வேக வேண்டுமென்றால் தணல் வேண்டும், கேஸ் அடுப்பில் மேலே கருகி நடுவில் மாவாகவே நிற்கும்.

மார்வாட் என்பது பழைய ஜோத்பூர் சமஸ்தானம். இன்றைய கணக்கில் ஜோத்பூர், பாட்மேர், நாகௌர், பாலி, ஜாலோர் என்று விரியும். விவசாயக் குடும்பங்கள் பல ஊருக்குள் இருக்காமல் தங்கள் நிலத்திலேயே தனியாக வீடு போட்டிருக்கும், அதை டாணி என்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு மூன்று குடும்பம், வட்டமான மண் சுவர் வைத்த ஜூம்பா என்கிற குடிசை, மேலே கம்புத் தட்டையும் காட்டுப் புல்லும் வேய்ந்த கூரை, சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிய முற்றம், சுற்றி முள்வேலி. இப்போது அதே முற்றத்தில் சிமென்ட் அறை ஒன்றும் வந்துவிட்டது, ஆனால் வெயில் நேரத்தில் எல்லோரும் போய் உட்காருவது ஜூம்பாவுக்குள்தான்.

இருட்டு விலகுவதற்கு முன்பே அந்த அம்மா எழுந்துவிடுவார். பால் கறப்பது, தயிர் கடைவது, முற்றம் கூட்டுவது, வறட்டி தட்டுவது எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். கணவர் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குத் தீவனம் வெட்டிப் போட்டு, வயலுக்கோ தண்ணீருக்கோ போவார். ஒன்பது பத்து மணி வாக்கில் ரொட்டியும் மோரும் வயிறு நிறைய. அப்புறம் இருட்டுகிற நேரத்தில் இன்னொரு சாப்பாடு. நடுவில் டீ, டீ, மறுபடி டீ. பழைய வாழ்க்கையில் காணாமல் போனது என்றால் ஒட்டகத்தைச் சொல்ல வேண்டும். உழவும் வண்டியும் டிராக்டருக்குப் போய்விட்டன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கவே ஒட்டகம் சுமார் 2.5 லட்சம்தான், அதில் பெரும்பகுதி ராஜஸ்தானில்.

வீடியோவில் எனக்குக் கொஞ்சம் உறுத்துவது ஒன்றுதான். கணவர் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டு பேச்சுக் கொடுப்பது பார்க்க அழகு. ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கிற குத்தல், புடைத்தல், உலர்த்தல், தண்ணீர் சுமத்தல் எல்லாம் பத்து நிமிடத்துக்குள் அடங்காது என்பதால் வெட்டிவிடுகிறார்கள். அதில் முக்கால்வாசி அந்த அம்மாவின் வேலை.

கேள்வி (வாசகர், மதுரை): மார்வாடி என்றாலே அடகுக் கடை சேட்டுதானே, அவர்களுக்கு ஏது வயலும் மாடும்?

பதில்: உங்களுக்குத் தெரிந்த சேட்டு கடைசியாக ஊருக்குப் போனது எப்போது என்று கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும். மார்வாட்டில் வாழ்கிற எல்லோரும் மார்வாடிதான். ஜாட், ராஜபுத்திரர், பிஷ்ணோய், மேக்வால், ஒட்டகம் மேய்க்கிற ராய்க்கா, மாலி, குயவர் என்று அத்தனை பேரும் உண்டு. வெளியூருக்கு வியாபாரம் செய்யப் போனவர்கள் ஓஸ்வால், மாஹேஸ்வரி, அகர்வால் போன்ற வணிகச் சமூகத்தவர், நாம் பார்த்தது அவர்களை மட்டும். சென்னை சவுகார்பேட்டையில் இருக்கிற பல ஜைனக் குடும்பங்களுக்கு பாலி, ஜாலோர் பக்கம்தான் பூர்வீகம். பிர்லா குடும்பத்தின் சொந்த ஊரான பிலானி மார்வாட்டிலேயே இல்லை, வடக்கே ஷேகாவாட்டியில் இருக்கிறது, ஆனாலும் வெளியே வந்தபின் அவர்களும் மார்வாடி என்றே ஆகிவிட்டார்கள். வீடியோவில் வருகிற தம்பதி பெரும்பாலும் விவசாயிகள். வட்டிக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்றால், கட்டுகிற பக்கம்தான்.

கேள்வி (வாசகி, கோவில்பட்டி): அவர்கள் கையாலேயே தட்டுகிற கம்பு ரொட்டியை நானும் செய்து பார்க்கிறேன். ஓரமெல்லாம் வெடிக்கிறது, தோசைக்கல்லில் போடும்போது துண்டு துண்டாக உடைகிறது. ரகசியம் என்ன?

பதில்: மார்வாட்டில் அதற்கு சோக்ரா என்று பெயர். சப்பாத்தி மாதிரி மெல்லிசாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் தோற்பது நிச்சயம், ஏனென்றால் கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் கம்பில் கிடையாது. அதனால் பிசைவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் எடுத்து, வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாம்பாளத்தில் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். விரலால் பிசைந்தால் போதாது. சொரசொரப்பு போய் மாவு வழவழப்பாகிற வரை தேய்த்து, உடனே தட்டி, உடனே கல்லில் போட வேண்டும். மொத்தமாகப் பிசைந்து மூடி வைத்தால் வறண்டு வெடிக்கும்.

தட்டும்போது இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி அகலப்படுத்துவார்கள், அது கையில் படிய நாளாகும். அதுவரை ஈரத்துணியில் வைத்துத் தட்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. கல்லில் ஒரு பக்கம் லேசாகக் காய்ந்ததும் திருப்பி, அந்தப் பக்கம் நன்றாக வெந்தபின் கல்லை நகர்த்திவிட்டு அடுப்பு வாயில் தணலுக்கு எதிரே சாய்த்து நிறுத்துவார்கள். உப்புவது அங்கேதான்.

மாவையும் பாருங்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்து வைத்தால் சில வாரத்திலேயே கசப்பு ஏறிவிடும். கடையில் எப்போது அரைத்தார்கள் என்று தெரியாத பாக்கெட் மாவை வாங்கிவிட்டுக் கம்பைக் குறை சொல்லக்கூடாது. முன்பு தினமும் விடியற்காலையில் கட்டி என்கிற கல் இயந்திரத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்தது இதனால்தான். இப்போது மில்லில் ஒரு வாரத்துக்கு அரைத்துக்கொள்கிறார்கள்.

சுட்ட ரொட்டியை நடுவில் கட்டைவிரலால் குழித்து நெய் விட்டு, வெல்லத்தோடு சாப்பிடுங்கள். அல்லது காய்ந்த மிளகாயும் பூண்டும் உப்பும் அம்மியில் அரைத்த சட்னியோடு. ஜோத்பூர் பக்கத்து மதானியா மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் மிதம், அந்தச் சட்னிக்கென்றே விளைந்தது போல இருக்கும்.

கேள்வி (வாசகர், சேலம்): இத்தனை நெய்யா? மாரடைப்பு வராதா?

பதில்: நாள் முழுக்க மணலில் நடந்து வேலை செய்கிறவரைப் பார்த்து ஏசி அறையிலிருந்து கேட்கிற கேள்வி இது. நெய் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. ரோடும் குளிர்பதனமும் இல்லாத காலத்தில் டாணியில் கறந்த பாலை யாரிடம் விற்பது? தயிராக்கிக் கடைந்தால் நெய் மாதக்கணக்கில் நிற்கும், சந்தைக்குக் கொண்டுபோகலாம், மிச்ச மோரில் வீடே சாப்பிட்டுவிடும். அதாவது வீட்டில் தினமும் ஓடியது மோர். நெய் கைக்காசு, விருந்தாளி வந்தால் தாராளம். நீங்கள் அவ்வளவு விட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (வாசகி, திருச்சி): கேர் சாங்ரி என்று ஒரு பொரியல் செய்கிறார்கள், பார்க்க சுள்ளி மாதிரி இருக்கிறது. அது என்ன காய்? நம் ஊரில் கிடைக்குமா?

பதில்: சாங்ரி உங்களுக்குத் தெரிந்த மரத்தின் காய்தான். வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்பதும், பாண்டவர்கள் அஞ்ஞாத வாசத்தில் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்வதும் இதே மரம். நாம் சுற்றி வந்து கும்பிடுகிறோம், அவர்கள் கும்பிட்டுவிட்டுக் காயையும் பறித்துச் சமைக்கிறார்கள். அங்கே அதன் பெயர் கேஜ்டி, 1983லிருந்து ராஜஸ்தானின் மாநில மரம்.

சித்திரை வைகாசி வெயிலில், வேறு எந்தக் காயும் தலைகாட்டாத நேரத்தில், இந்த மரம் பச்சையாக நின்று காய்க்கும். மெல்லிய பிஞ்சுகளைப் பறித்து, கொஞ்சம் உப்பு போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. மரத்திலேயே முற்றிப் பழுத்தது இனிக்கும், பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்னும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். நிழலில் பயிர் சரியாக வளராது என்பது பொதுவான கணக்கு, கேஜ்டியின் கீழே மட்டும் கம்பு நன்றாக வளரும், வேர் ஆழமாகப் போவதாலும் மண்ணில் தழைச்சத்து சேர்ப்பதாலும். அதனால் வயல் நடுவிலேயே மரத்தை விட்டுவைப்பார்கள். 1956 ஆம் விக்ரம ஆண்டில், நம் கணக்கில் 1899, 1900இல், வந்த பெரும்பஞ்சத்தை அங்கே இன்னமும் சப்பனியா அகால், அதாவது ஐம்பத்தாறின் பஞ்சம் என்று சொல்கிறார்கள். அந்தப் பஞ்சத்தில் இந்த மரத்தின் பட்டையைக் கூட இடித்து மாவாக்கித் தின்றிருக்கிறார்கள்.

இந்த மரத்துக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் கட்டிட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி கேஜட்லி கிராமத்துக்கு வந்தபோது, பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பதைச் சமய நெறியாகவே வைத்திருக்கிற பிஷ்ணோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், அவரை வெட்டினார்கள், அடுத்து அவர் மகள்களை, அப்புறம் வந்தவர்களை. மொத்தம் 363 பேர். அந்த ஊரில் இன்றும் ஆண்டுதோறும் அவர்கள் நினைவாக மேளா நடக்கிறது.

கேர் என்பது இலையே இல்லாதது போலத் தெரிகிற ஒரு முட்புதரின் சின்னக் காய், பட்டாணி அளவு. பறித்தவுடன் வாயில் வைத்தால் கசந்து கொட்டும். உப்புத் தண்ணீரிலோ மோரிலோ சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்கி, பிறகுதான் உலர்த்துவார்கள். செய்முறை சுலபம்: சாங்ரி மூன்று பங்கு, கேர் ஒரு பங்கு, ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் இரண்டு மூன்று தடவை மண் போக அலசி, கொஞ்சம் மோர் விட்டு வேகவைத்து வடித்து, எண்ணெயில் சீரகம், ஓமம், முழு மிளகாய் தாளித்து, மஞ்சள், மல்லி, மிளகாய்த் தூள், கடைசியில் மாங்காய்த் தூள். எண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிடலாம். இதோடு நறுவிலிக் காய், கூமட் என்கிற முள்மரத்தின் விதை எல்லாம் சேர்த்தால் பஞ்ச்கூட்டா.

சென்னையில் சவுகார்பேட்டை மளிகைக் கடைகளில் கிடைக்கும். விலை கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள், நல்ல சாங்ரி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பஞ்சத்தில் தின்றது கல்யாண விருந்துக்குப் போய்விட்டது, பறிக்கிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு.

கேள்வி (வாசகர், புதுக்கோட்டை): பாலைவனத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீடியோவில் அந்த அம்மா தரையில் ஒரு மூடியைத் திறந்து வாளி விட்டு எடுக்கிறாரே, அது கிணறா?

பதில்: கிணறு இல்லை, மழை. டாங்கா என்று பெயர். தரைக்குக் கீழே வட்டமாகத் தொட்டி, சுற்றிலும் கொஞ்ச தூரத்துக்கு நிலத்தைச் சரிவாக்கி, கெட்டியாக இடித்து, செடி முளைக்காமல், ஆடு மாடு நுழையாமல் வைத்திருப்பார்கள், அதற்கு ஆகோர் என்று பெயர். அதில் விழுகிற மழை ஓடி வந்து வலை போட்ட துவாரம் வழியாக உள்ளே இறங்கும். வீட்டு டாங்கா ஒன்று இருபதாயிரம் லிட்டர் அளவில் பிடித்தால் ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் மாதக்கணக்கில் சமாளிக்கும். முன்பு சுண்ணாம்புப் பூச்சு, இப்போது சிமென்ட். நூறு நாள் வேலைத் திட்டத்திலும் பாட்மேர் பக்கம் நிறையக் கட்டியிருக்கிறார்கள்.

நிலத்தடி நீர் இருக்கிறதே என்றால், பல இடத்தில் உப்பு, சில இடத்தில் ஃப்ளோரைடு. ஜோத்பூரில் ஆண்டு மழை சுமார் 350 மில்லிமீட்டர், ஜெய்சல்மேரில் 200 கூடத் தேறாது, சென்னையில் 1,400. நாம் 1,400ஐ வைத்துக்கொண்டு மே மாதம் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம் என்பதை இங்கே சொல்லாமல் விட மனசில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் அந்தச் சமையல் முழுக்கப் புரிந்துவிடும். பாத்திரத்தைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்ப்பது, காயைத் தண்ணீருக்குப் பதில் மோரில் வேகவிடுவது, பச்சைக் காய்கறி இல்லாமலேயே கடலை மாவில் கட்டா என்கிற வேகவைத்த துண்டுகளும் பாசிப்பருப்பில் மங்கோடி வடகமும் செய்து குழம்பு வைப்பது, அப்பளத்தையே குழம்பில் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வந்ததுதான். கம்பு, நரிப்பயறு, கொத்தவரை மூன்றும் இரண்டு மூன்று மழை பெய்தாலே விளைந்துவிடும் என்பதால் வயலில் இருக்கின்றன, வயலில் இருப்பதால் தட்டில் இருக்கின்றன. பீகானேர் புஜியாவில் கூட நரிப்பயறு மாவுதான்.

கேள்வி (வாசகி, விழுப்புரம்): மாவை மோரில் கரைத்துக் காய்ச்சிக் குடிக்கிறார்களே, அது நம் கம்பங்கூழ்தானே?

பதில்: நெருங்கிய சொந்தம். ராப் என்றும் ராப்டி என்றும் சொல்வார்கள். கம்பு மாவை மோரில் கரைத்து, உப்பும் சீரகமும் போட்டு, மண்சட்டியில் சில மணி நேரம் வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டு, மெல்லிய தணலில் கிளறிக் காய்ச்சுவார்கள். நாம் மாவைப் புளிக்கவைத்துத் தண்ணீரில் காய்ச்சி அப்புறம் மோர் சேர்க்கிறோம், அவர்களுக்கு ஆரம்பமே மோர். குளிர்காலத்தில் சுடச்சுட, கோடையில் ராத்திரி காய்ச்சியதை மறுநாள் ஆற வைத்து. சின்ன வெங்காயம் கடிக்க நினைத்தால் அங்கே தடை எதுவும் இல்லை.

கேள்வி (வாசகர், தஞ்சாவூர்): வெங்காயம் பூண்டு சாப்பிடவே மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

பதில்: அது ஜைன வீடுகளிலும் சில வைணவ வீடுகளிலும். கட்டுப்பாடாக இருக்கிற ஜைனர்கள் கிழங்கு வகையையே தொடுவதில்லை, சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதும் இல்லை. விவசாயி வீட்டில் பூண்டுச் சட்னி இல்லாமல் ரொட்டி இறங்காது. ராஜபுத்திரர் வீட்டில் ஆட்டுக்கறி லால் மாஸ். பிஷ்ணோய் முழு சைவம். மார்வாடி என்றால் சைவம் என்பது நம் ஊர் சேட்டை வைத்துப் போட்ட கணக்கு.

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): அந்த அம்மா ஏன் முகத்தை மூடிக்கொண்டே சமைக்கிறார்? பக்கத்தில் இருப்பது சொந்தக் கணவர்தானே?

பதில்: கணவருக்காக அல்ல. மாமனார், கணவரின் அண்ணன், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முகம் காட்டக்கூடாது என்பது வழக்கம். வீட்டில் தனியாக இருக்கும்போது முக்காடு தலையிலோ தோளிலோதான் இருக்கும். ஆனால் வீடியோவை மாமனாரும் பார்ப்பார், மொத்த ஊரும் பார்க்கும், அதனால் கேமராவே ஒரு பெரியவர் ஆகிவிட்டது! கணவர் பெயரைச் சொல்லாமல் பிள்ளையின் பெயரைச் சொல்லி ‘அவன் அப்பா’ என்று கூப்பிடுவது, ஆண்கள் சாப்பிட்டபின் பெண்கள் சாப்பிடுவது இதெல்லாம் அதோடு சேர்ந்தது. நம் பாட்டிமார்களும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை, அதனால் ரொம்ப அதிசயப்பட வேண்டாம். பாரம்பரியம் என்று இதை ரசிக்க எனக்கு வரவில்லை. புகையடுப்பு முன்னால் முகத்தில் துணியோடு உட்கார்வது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு ரசிக்கலாம். இளம் மருமகள்கள் பலர் ஜோத்பூரில் வேலைக்குப் போகும்போது திறந்துகொள்கிறார்கள், ஊர் எல்லையில் மறுபடி இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு நாள் அடுப்புக்கு விடுமுறை உண்டு. ஹோலி முடிந்த எட்டாம் நாள் சீதளா அஷ்டமி. அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, முந்தின நாளே செய்த பூரி, பஞ்ச்கூட்டா, ராப், தயிர் எல்லாம் ஆறியபடியே அம்மனுக்குப் படைத்துச் சாப்பிடுவார்கள். முந்தின நாள் வேலை இரட்டிப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): பாட்டியைக் குக்கரில் செய்யலாமா?

பதில்: தால் பாட்டியில் வரும் பாட்டியைத்தானே கேட்கிறீர்கள்? குக்கரில் வேண்டாம். அடுப்புத் தணலில் சாம்பல் மூடிப் புதைத்துச் சுடுவது அது. வீட்டில் என்றால் பணியாரக் கல்லில் மூடி போட்டுச் சின்னத் தீயில் திருப்பித் திருப்பி வையுங்கள், கிட்டத்தட்ட வரும்.

கேள்வி (வாசகர், கோவை): விருந்தாளிக்கு அபின் கொடுப்பார்களாமே?

பதில்: அமல் என்று தண்ணீரில் கரைத்து உள்ளங்கையில் விட்டுக் கொடுக்கிற பழைய வழக்கம் உண்டு, பகை தீர்க்கவும் கல்யாணம் பேசவும் கூட. 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். உள்கிராமங்களில் முழுசாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொடுத்தால் கும்பிட்டு மறுத்துவிட்டு டீ கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி (வாசகி, சென்னை): நேரில் போய்ச் சாப்பிட வேண்டும். எப்போது போகலாம்?

பதில்: கார்த்திகையிலிருந்து மாசி வரை. கம்பு ஐப்பசி வாக்கில் அறுவடையாகி வந்திருக்கும், மாவு புதுசு, குளிருக்குக் கம்பும் நெய்யும் கருவேலம் பிசின் லட்டும் வீட்டுக்கு வீடு நடக்கும். கோடையில் அங்கேயும் கோதுமை ரொட்டிக்கு மாறிவிடுவார்கள், கம்பு சூடு என்று. ஜோத்பூருக்கு வடக்கே இருக்கிற ஓசியான் ஊர், பிஷ்ணோய் கிராமங்கள் பக்கம் வீட்டுச் சாப்பாடு போடுகிற குடும்பங்கள் உண்டு, முதல் நாளே சொல்லிவிடுங்கள், சோக்ராவும் கிச்சடியும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், இல்லையென்றால் டூரிஸ்ட் வந்திருக்கிறார் என்று பனீர் பட்டர் மசாலா வந்து நிற்கும். கிச்சடி என்றால் கம்பை ஈரம் தெளித்துக் குத்தி உமி நீக்கி நரிப்பயறோடு குழைய வேகவைத்தது, நம் ஊர் ரவை கிச்சடி இல்லை. பசியோடு போங்கள். மனுஹார் என்று வற்புறுத்திப் பரிமாறுவது அங்கே மரியாதை, வாயால் போதும் என்று சொன்னால் காதில் விழாது, தட்டை இரண்டு கையாலும் மூடினால்தான் நிறுத்துவார்கள், அதுவும் இன்னும் ஒரு ரொட்டி விழுந்த பிறகு.